கணக்கு நோட்டின் பின்பக்கம்

செங்கோட்டை,
ஆனிக் கடைசி

அன்பு மகளுக்கு,

நீ கேட்டிருந்த ஈயச்செம்பையும் ஆச்சியின் கணக்கு நோட்டுகள் இரண்டையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். அடுத்த மாதம் அமெரிக்காவில் உன் ஊரான கொலம்பஸுக்கு வருகிற உன் அத்தை மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மியையும் கேட்டிருக்கிறாயே, அதைப் படித்துத்தான் சிரித்துவிட்டேன். 23 கிலோ கணக்கில் பெட்டியை எடை போட்டு வாங்குகிற விமானத்தில் அம்மியை ஏற்றினால், அவனுக்கு மாற்றுச் சட்டை வைக்கக்கூட இடமிருக்காது. அம்மி இங்கேயே தொழுவத்துச் சுவரோரம் இருக்கட்டும்.

ஈயச்செம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மறந்துபோனால் பிறகு வருத்தப்படுவோம். இது வெள்ளீயம், காரீயம் அன்று. இரண்டையும் நம் பேச்சில் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் காரீயம் உடம்புக்கு நஞ்சு. இந்தச் செம்பு ஆச்சி புழங்கியது என்பதால் நம்பித் தருகிறேன். வேறெங்கும் விசாரிக்காமல் ஈயப் பாத்திரம் வாங்கிவிடாதே. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகையால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் வைக்க வேண்டும், ரசம் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், ஒருபோதும் வெறுஞ்செம்பைச் சூட்டில் விடக்கூடாது. கல்யாணமான புதிதில் நான் அடுப்பில் வெறுஞ்செம்பை வைத்துவிட்டு வாசல் பக்கத்துத் தார்சாவுக்கு வந்து பக்கத்து வீட்டு மாமியோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் போனபோது செம்பின் அடி அடுப்புச் சாம்பலில் வெள்ளிக்குளம் போலக் கிடந்தது. உன் வீட்டு மின்சார அடுப்பில் சூடு ஏறுவதும் தெரிவதில்லை, இறங்குவதும் தெரிவதில்லை. எவர்சில்வரில் ரசத்தைக் கொதிக்கவிட்டுவிட்டு, இதில் ஊற்றிக் குறைந்த சூட்டில் நுரை கூட்டிக்கொள்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரியத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டுவிட்டது என்றும், இனி உனக்கும் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், ஆனால் விண்ணப்பிக்கப் போவதில்லை என்றும் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். இந்த வாழ்க்கையே உனக்குப் பிடித்திருக்கிறது, ஆச்சி வாழ்ந்த மாதிரி வாழப் போகிறாய் என்றாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு உன் வீட்டில் நான்கு மாதம் இருந்தபோது உன் குடித்தனத்தை அருகிலிருந்து பார்த்தேன். திங்கட்கிழமை துணி துவைப்பது, செவ்வாய்க்கிழமை இஸ்திரி போடுவது, புதன்கிழமை கிழிசல் தைப்பது என்று அந்த நாட்டுப் பழைய குடும்பப் பெண்கள் வைத்திருந்த முறையை நீ தவறாமல் கடைப்பிடிக்கிறாய். பழைய தையல் இயந்திரத்தைப் பழுதுபார்த்து, 1950-களின் வெட்டுமாதிரிகளை வாங்கி, இடுப்பு ஒடுங்கிக் கீழே குடைபோல விரிகிற கவுனை நீயே தைத்துப் போட்டுக்கொள்கிறாய். வீட்டில் மீந்த துணி ஒன்றும் வீணாவதில்லை. ரொட்டியை வெளியில் வாங்குவதில்லை. உன் கை இவ்வளவு பக்குவப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. கொதிகெண்டியில் (பெர்கொலேட்டரில்) நீ போடுகிற அந்தப் பழங்காலத்துக் காப்பியை மட்டும் என்னால் மெச்ச முடியவில்லை. நம் டிகாஷனை அறியாத காலத்தவர்கள் குடித்தது அது, அவர்களை மன்னித்துவிடலாம்.

ஆனால் நீ வாழ்வது ஆச்சியின் வாழ்க்கை அன்று, மகளே. 1955-இல் அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்குக் குளிர்பதனப் பெட்டி வந்துவிட்டது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது, துணி துவைக்கப் பல வீடுகளில் இயந்திரம் இருந்தது. அதே 1955-இல் இந்த வீட்டு அடுக்களையில் மூன்று கல்லடுப்பும், ஓர் ஊதுகுழலும், கிணற்றடியில் ஒரு கயிறும் வாளியும் இருந்தன. நீ பழமை என்று விரும்பித் தேடி எடுத்துக்கொண்ட வசதிகளில் பாதி, ஆச்சிக்கு ஐம்பது வயது ஆகும்வரை கிடைக்கவில்லை. ஒரே ஆண்டின் பெயரைச் சொல்லி இரண்டு அடுக்களைகளையும் ஒன்றென்று எண்ணிவிடாதே.

ஆச்சி புனலூரில் பிறந்து 1954-இல் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தாள். அப்போது புனலூரும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆச்சி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, அவளுடைய தாய்வீடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகும் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மலை ரயிலேறி, குகைக்குள் புகுந்து, ஆரியங்காவும் தென்மலையும் கடந்து புனலூருக்குப் போய் வருவாள். அனுமதியில்லாமல் அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று கெடுபிடி இருந்த அறுபதுகளில், தன் தாய்க்காக இரண்டு படி அரிசியைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி போல மெல்ல நடந்து ரயில் ஏறியிருக்கிறாள். நான் கூடவே போவேன். எனக்கு ஒரு தம்பி பிறக்கப் போகிறான் என்று ஒருமுறை உண்மையாகவே நம்பிவிட்டேன்.

அனுப்புகிற நோட்டுகளில் ஒன்று 1955-இல் தொடங்குகிறது. அதில் 1957 ஏப்ரல் மாதப் பக்கத்தைக் கட்டாயம் பார். அந்த மாதம்தான் ரூபாய்க்குப் பதினாறணா என்பதற்குப் பதில் நூறு நயா பைசா என்று வந்தது. ஓரத்தில் ஆச்சி, ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று எழுதி வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே இரண்டு நாள் கழித்து வேறு மையில் ஒரு வரி: "ஓரணா சாமான் நாலு தடவை வாங்கினால் 24. மூன்றணாவுக்கு ஒரே தடவையாக வாங்கக் கூடாது." ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். அதன் பிறகு அந்த மாதம் முழுவதும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் தனித்தனி ஓரணாவாகவே வாங்கப்பட்டிருக்கின்றன. கடைக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

அந்த நோட்டைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனி. மாதந்தோறும் துணி வெளுக்கிறவருக்கு நெல், நெல் குத்துகிற அம்மாவுக்குத் தவிடும் கூலியும், மாடு மேய்க்கிற பையனுக்குச் சோறு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவருக்கு எட்டணா, அம்மி கொத்துகிறவருக்கு இரண்டணா என்று வரிசையாக இருக்கும். இந்த வீட்டை ஆச்சி ஒருத்தி நடத்தவில்லை. புறவாசல் வழியாக வந்து புறவாசல் வழியாகவே போன ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தினார்கள். அவர்களில் சிலருக்குக் கூடத்தில், நம் பட்டாசலில், உட்கார இடம் இருந்ததில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் காலத்துக் குடித்தனத்தின் அழகைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. அத்தனை பேர் செய்ததை நீ தனி ஒருத்தியாகச் செய்துவிட்டு, இரவில் முதுகு வலிக்கிறது என்று என்னிடம் சொல்கிறாய்.

விறகுப் புகையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆச்சியின் இருமலைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். கடைசிக் காலத்தில் அவளைப் பரிசோதித்த மருத்துவர், எத்தனை ஆண்டு பீடி பிடித்தார்கள் என்று என்னிடம் கேட்டார்.

இந்த வீட்டுக்கு 1979-இல் மிக்ஸி வந்தது. அன்று ஆச்சி தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு ஓட்டிவிட்டு, அது நின்ற பிறகும் மூடியின் மேல் வைத்த கையை எடுக்காமல் சிறிது நேரம் நின்றாள். மறுநாளே அம்மியைத் தொழுவத்துக்கு நகர்த்தச் சொல்லிவிட்டாள். அம்மியில் அரைத்த துவையலின் ருசி இதில் இல்லையே என்று நான் குறைப்பட்டதற்கு, "ருசி உனக்கு, கை எனக்கு" என்றாள். அதன் பிறகு 2011-இல் கண்மூடும்வரை அவள் அம்மியைத் தொட்டதில்லை. அதை அனுப்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. முன்பக்கங்களை நீ கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனாய், பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து படி. அங்கே வேறொரு கணக்கு இருக்கிறது. "அம்மா தந்தது 5 ரூபாய்", "தயிர் விற்றது 1-4-0" (ஒரு ரூபாய் நாலணா), "கோமதி கன்று விலை 40 ரூபாய்", மறுபடியும் "அம்மா தந்தது 3 ரூபாய்". புனலூருக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் ஒரு "அம்மா தந்தது" இருக்கிறது. முன்பக்கக் கணக்கு தாத்தாவுடையது; சனிக்கிழமை இரவு அவருக்குப் படித்துக் காட்டப்படும். பின்பக்கக் கணக்கை அவள் யாருக்கும் படித்ததில்லை. தாத்தா தங்கமானவர், ஒரு நாளும் அவளைக் கை ஓங்கியதில்லை, கணக்குக் கேட்டு அதட்டியதில்லை. அவருக்கு அந்தப் பக்கங்கள் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் நோட்டைத் திருப்பாமல் இருந்தார் என்றால், அது அவருடைய பெருந்தன்மை.

அந்தப் பின்பக்கத்தில் 1976-இல் ஒரு வரி இருக்கிறது: "மகள் பயிற்சிக்கு 310." பெண்பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சி எதற்கு என்று வீட்டில் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆச்சி உள்ளறையான அரங்குவீட்டுக்குள் போய் அந்தப் பணத்தை எடுத்து வந்து தாத்தாவின் முன்னால் வைத்தாள். பேச்சு அதோடு நின்றுவிட்டது. 1981-இல் தாத்தா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, அவர் பெயரில் மட்டும் இருந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. வாரிசுச் சான்றுக்கு நடந்தே என் செருப்புத் தேய்ந்தது. என் சம்பளம் பாதி மாதத்துக்குத்தான் காணும். மீதியைப் பின்பக்கம் பார்த்துக்கொண்டது.

நீ கொண்டாடுகிற அந்த நாட்டு 1950-களுக்கும் ஒரு பின்பக்கம் உண்டு என்று எனக்குச் சொன்னவளே நீதான். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளை நடத்திக் கொடுத்த பெண்களில் பலரை 1945-க்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாய். 1974-இல் சட்டம் வரும்வரை, கணவன் கையெழுத்தில்லாமல் பெண்ணுக்குக் கடன் தர முடியாதென்று வங்கிகள் மறுக்க முடிந்தது என்றாய். அந்தக் கவுனைத் தைத்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னாய். எனக்கு வியப்பாக இருந்தது.

நான் சந்தேகப்படுவதை மறைக்காமல் கேட்கிறேன், கோபப்படாதே. எம்.சி.ஏ. படித்து ஆறு ஆண்டு வேலை பார்த்தவள் நீ. அங்கே போனதும், கணவரோடு வருகிற மனைவிக்குத் தருகிற ஹெச்-4 விசாவில் வேலை செய்யக் கூடாது என்றார்கள். முதல் ஆண்டு நீ தொலைபேசியில் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வெறும் பகலை நிரப்பத்தான் தையலையும் ரொட்டியையும் திங்கட்கிழமைத் துவைப்பையும் பிடித்துக்கொண்டாய், பிடித்ததில் தேர்ந்தும்விட்டாய். கட்டாயத்தில் கிடைத்ததை ஒரு கலையாக்கிக்கொண்டது உன் கெட்டிக்காரத்தனம். ஆனால் வேலைக்குப் போக முடியாதபோது வீட்டிலிருந்ததும், போக முடிந்தும் வீட்டிலிருப்பதும் வேறு வேறு. உனக்கு உண்மையிலேயே இது பிடித்திருக்கிறதா என்பது, அந்த அட்டை உன் கைக்கு வந்த பிறகுதான் உனக்கே தெரியும்.

2015-இலிருந்துதான் உன்னைப் போன்றவர்களுக்கு அந்த அட்டை தருகிறார்கள் என்றாய். தந்தவர்கள் நிறுத்தவும் கூடும். நம்மவர்களுக்கு கிரீன் கார்டு வரிசையோ அனுமார் வால். ஆகவே இப்போதே விண்ணப்பித்து விடு. அட்டையை வாங்கித் தையல் பெட்டியில் போட்டு வைத்தாலும் எனக்குச் சம்மதம். வேலைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. போகாமலிருந்தாலும் ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கும் இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் மறைக்க வேண்டாம், சொல்லிவிட்டே தொடங்கு. அவர் நல்லவர். தாத்தாவும் நல்லவர்தான்.

விண்ணப்பக் கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து உன் அத்தை மகனிடமே கொடுத்து விடுகிறேன். வீட்டுச் செலவில் சேர்க்காதே. இரண்டாவது நோட்டின் பின்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தாள்கள் வெறுமையாக இருக்கின்றன. ஆச்சியின் கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு, "அம்மா தந்தது" என்று எழுதிக்கொள்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா