ப்ரெமன்ல கணக்கு எழுதுனவர்

தம்பிக்கு அப்பா எழுதுறது,

நல்லா இருக்கியா, சாப்பாடெல்லாம் ஒழுங்கா நடக்குதா. போன வாரம் போன்ல "நாள் பூரா எக்செல்தான்ப்பா"ன்னு சலிச்சுக்கிட்ட, நான் ஒண்ணு சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள உங்கம்மா போன புடுங்கிட்டா, அதான் எழுதுறேன். காலேஜ்ல பெஸ்ஸல் ஃபங்ஷன்னு ஒண்ண திட்டிக்கிட்டே படிச்சியே, அந்த பெஸ்ஸல் நீ இருக்குற அதே ஜெர்மனி ப்ரெமன்ல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவர்டா.

மிண்டன்ல 1784ல பொறந்தவர். லத்தீன் ஏறல, 14 வயசுல படிப்ப விட்டுட்டு கூலன்காம்ப்னு ஒரு வியாபாரக் கம்பெனில அப்ரன்டிஸா சேர்ந்தார், ஏழு வருஷ ஒப்பந்தம், சம்பளம் கிடையாது. சரக்குக் கப்பல்ல போகணும்னு ஆசை, அதுக்கு நடுக்கடல்ல எங்க இருக்கோம்னு நட்சத்திரத்த பாத்து கணக்குப் போடத் தெரியணும், அங்க புடிச்ச கிறுக்குதான். 1607ல ஹாலி வால்நட்சத்திரம் வந்தப்ப ஹாரியட்னு ஒரு இங்கிலீஷ்காரர் குறிச்சு வச்ச நம்பர்கள எடுத்து, கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழிச்சு அதோட பாதைய கணக்குப் போட்டு, 1804ல அதே ஊர் டாக்டர் ஓல்பர்ஸ்கிட்ட கொண்டு போய்க் காட்டினார். அந்த டாக்டரும் ராத்திரியானா டெலஸ்கோப்பும் கையுமா இருக்குற ஆளு, அசந்து போய் அவரே அச்சுக்கு அனுப்பி வச்சார்.

1806ல கம்பெனிய விட்டுட்டு, கம்மி சம்பளத்துக்கு பக்கத்து லிலியந்தால்ல ஷ்ரோட்டர்னு ஒருத்தர் வச்சிருந்த, நட்சத்திரம் பாக்குற அப்சர்வேட்டரிக்குப் போனார். (நீ இதப் படிச்சுட்டு வேலைய விட்டுடாத, இஎம்ஐ இருக்கு.) 1810ல கோனிக்ஸ்பெர்க் அப்சர்வேட்டரிக்கே தலைவர், வயசு 25, கையில டிகிரி இல்ல, காஸ்னு (Gauss) அந்தக் காலத்து பெரிய கணித மேதை சிபாரிசு பண்ணித்தான் கோட்டிங்கன் யுனிவர்சிட்டில டாக்டர் பட்டம் குடுத்தாங்க.

அவர் செஞ்சதுல பெருசு நட்சத்திரத்தோட தூரத்த அளந்தது. கைய நீட்டி விரல ஒரு கண்ணால பாரு, அப்புறம் மத்த கண்ணால பாரு, விரல் நகர்ற மாதிரி தெரியுதில்ல, அதேதான், பூமி சூரியனச் சுத்துறப்ப கிட்ட இருக்குற நட்சத்திரம் லேசா நகர்ந்து தெரியணும், ஆனா அதுவரைக்கும் யாராலயும் அத நம்புற மாதிரி அளக்க முடியல. பெஸ்ஸல் பளபளன்னு இருக்குறத தேடிப் போகல, 61 சிக்னின்னு மங்கலான ஒண்ண எடுத்தார், ஏன்னா பூமி சுத்துறதால இல்லாம அது தானாவே வருஷா வருஷம் இடம் மாறுற வேகத்தப் பாத்தா கிட்டதான் இருக்கணும்னு கணக்கு. கருவி, லென்ஸ் செய்யிறதுல பேர்போன ஃப்ரான்ஹோஃபரோட பட்டறையில செஞ்சது, நல்ல லென்ஸ சரிபாதியா அறுத்து வச்சிருப்பாங்க, ரெண்டு பாதியையும் ஸ்க்ரூவால நகர்த்தி 61 சிக்னியோட பிம்பத்தையும் பக்கத்துல தெரியுற இன்னொரு நட்சத்திரத்தோட பிம்பத்தையும் ஒண்ணு சேக்கணும், ஸ்க்ரூ எவ்வளவு திரும்புச்சோ அதுதான் அளவு. குளிர்ல அந்த ஸ்க்ரூ சுருங்குறதக்கூட கணக்குல கழிச்சிருக்கார், எனக்கென்னவோ அது பேரேடு டேலி பண்ணுன கையின்னுதான் தோணுது. 1838ல விடை வந்துச்சு, 0.314 ஆர்க் செகண்ட், அதாவது ஒரு டிகிரிய 3600 பங்காக்கி அதுல ஒரு பங்குல மூணுல ஒண்ணுகூட இல்ல. அவர் கணக்குல தூரம் 10 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேல, இன்னைக்குக் கணக்கு 11.4.

1844ல சிரியஸ் நட்சத்திரம் கோணல்மாணலா நகருது, பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத துணை ஒண்ணு இருக்கணும்னார். 1846ல போய்ச் சேர்ந்துட்டார், 1862ல அமெரிக்காவுல க்ளார்க் அந்தத் துணைய டெலஸ்கோப்ல பாத்துட்டார்.

லிலியந்தாலுக்கு உங்க ஊர் டிராமே போகுதாமே, ஒரு ஞாயித்துக்கிழமை போய்ட்டு வந்து போட்டோ அனுப்பு. ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்றா அம்மா.

அப்பா