‘நைட் மூவ்ஸ்’ தட்டு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புமிக்க வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் சுங்கை சிப்புட் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம் கடையில் வாடகைக்கு எடுத்த ‘நைட் மூவ்ஸ்’ என்ற ஆங்கிலத் துப்பறியும் படத்தின் டிவிடி தட்டில் நான்கு நிமிடம் வெட்டியிருக்கிறதாம். இணையத்தில் 100 நிமிடம் என்று போட்டிருக்கிறது, தட்டு 96-லேயே முடிகிறது. கணக்கு சரிதான், ஆனால் வெட்டு இல்லை.

படச்சுருள் நொடிக்கு 24 சட்டகம் (தனித்தனிப் படம்) ஓடும். நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி முறைக்கு 25. மாற்றும்போது சட்டகத்தை எடுப்பதில்லை, ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். 100 நிமிடத்துக்கு 144,000 சட்டகம்; 25-ஆல் வகுத்தால் 5,760 நொடி, அதாவது 96 நிமிடம். குரல்கள் சற்றுக் கீச்சென்று கேட்பதும் இதனால்தான். நீங்களே சோதிக்கலாம்: 25-ஆம் நிமிடக் காட்சி 24-இல் வரும், 50-ஆம் நிமிடக் காட்சி 48-இல். வெட்டியிருந்தால் ஏதோ ஓரிடத்தில் சட்டென்று குதித்திருக்கும். தட்டை வெட்டி வாடகைக்கு விடும் கடை இதுவல்ல.

முடிவைக் காணோம் என்பவர்களுக்கு: படகு கடலில் வட்டமடிப்பதோடு நிற்பது இயக்குநர் ஆர்தர் பென் வைத்த முடிவேதான். படத்தின் நடுவில் துப்பறிகிறவராக வரும் ஜீன் ஹேக்மேன் சதுரங்கப் பலகையில் 1922-இல் நடந்த ஓர் ஆட்டத்தைக் காட்டுவார். ராணியைப் பலி கொடுத்து, குதிரையை மூன்று முறை நகர்த்தியிருந்தால் வெற்றி. ஆடியவர் கண்ணில் அது படவில்லை. ஆங்கிலத்தில் இரவுக்கும் சதுரங்கக் குதிரைக்கும் ‘நைட்’ என்று ஒரே உச்சரிப்பு, ‘மூவ்ஸ்’ என்றால் நகர்த்தல்கள்; தலைப்பு அங்கிருந்துதான். துப்பறிகிறவரும் எதிரில் கிடப்பதைக் காணாமல் விடுகிறார். கடைசிப் படகின் பெயர் ‘பாயின்ட் ஆஃப் வியூ’, பார்க்கும் கோணம். இதை மனத்தில் வைத்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். 1975-இல் கூட்டம் சேராமல் போன படம். எங்கள் கணக்கில் அந்தப் பத்தாண்டின் சிறந்த துப்பறியும் படங்களில் ஒன்று.

படம் இருட்டாக இருக்கிறது என்பதும் தட்டின் கோளாறல்ல. ஒளிப்பதிவாளர் புரூஸ் சர்ட்டீஸ் இரவை இரவாகவே எடுப்பவர். தொலைக்காட்சியில் ‘சினிமா’ அமைப்பை வையுங்கள், அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள், அறை விளக்கையும் அணையுங்கள். மேலும் கீழும் தெரியும் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கட்டும். ‘ஸூம்’ அழுத்தினால் ஓரம் போய்விடும். உண்மையிலேயே திக்கினால், மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடும், கருவியால் படிக்க முடியாது. அப்படியும் சரிவராவிட்டால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

மழையிலும் தோட்டத்திலிருந்து மோட்டார் ஏறி வந்து தட்டு எடுத்துப் போகும் உங்களால்தான் இந்தக் கடை நிற்கிறது. மனமார்ந்த நன்றி. அடுத்த மாதம் முதல் வாடகை 3 வெள்ளியிலிருந்து 5 வெள்ளி.

அன்புடன்,
கடை உரிமையாளர்