லாஸ் கசாஸும் அவரைப் பயன்படுத்திக்கொண்டவர்களும்

அன்புள்ள ராமநாதன் அவர்களுக்கு,

வணக்கம். பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வாசிப்புக்கு அது நல்ல சாக்கு.

அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானிய ஆட்சிக்கு ஏற்பட்ட அவப்பெயர் முழுவதும் எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று எழுதியிருந்தீர்கள். அதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. பூர்வகுடிகள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டு, தம் அரச குடும்பத்திடமே முறையிட 1542இல் எழுதி, 1552இல் செவில் நகரில் நூலாக அச்சிட்ட பர்த்தலோமே தெ லாஸ் கசாஸ் ஒரு ஸ்பானியத் துறவிதானே! அவர் எண்ணிக்கைகளை மிகைப்படுத்தினார் என்பதும், பெரியம்மை ஏராளமானோரைப் பலிகொண்டது என்பதும் மெய்யே. ஆனால் ஸ்பானிய அரசரின் 1542ஆம் ஆண்டுப் புதிய சட்டங்கள் பூர்வகுடிகளை அடிமைப்படுத்துவதைத் தடைசெய்து, குடியேறிகளின் சலுகைகளிலும் கைவைத்தபோது, பெருவில் அவர்கள் கலகம் செய்து வைஸ்ராயையே கொன்றார்கள். குற்றச்சாட்டில் சாரமில்லாவிட்டால் அத்தனை ஆத்திரம் எதற்கு?

பிரசாரம் அதன்பிறகு வந்தது. ஸ்பெயினுக்கு எதிராக நெதர்லாந்து போரிட்டுக்கொண்டிருந்த 1578இல் அந்நூல் டச்சு மொழியிலும், 1583இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 1598இல் பிராங்க்பர்ட்டில் பதிப்பாளர்களான தெ பிரை குடும்பத்தார் செப்புத்தகட்டுப் படங்களுடன் லத்தீனில் வெளியிட்டனர். ஒரு படத்தில், வரிசையாகத் தொங்கவிடப்பட்டவர்களின் காலடியில் தீ எரிகிறது. பக்கத்தில் ஒரு சிப்பாய் குழந்தையைக் காலைப் பிடித்துச் சுவரில் அடிக்கிறான். அமெரிக்காவை எட்டிக்கூடப் பார்க்காத தெயோதோர் தெ பிரையின் பட்டறையில் உருவானாலும், அக்காட்சி லாஸ் கசாஸின் வரிகளில் உள்ளதுதான்.

1655இல் ஜமைக்காவை ஸ்பெயினிடமிருந்து பறித்த இங்கிலாந்தில், மறு ஆண்டே ‘இந்தியர்களின் கண்ணீர்’ என்ற தலைப்பில், அப்போது அந்நாட்டை ஆண்ட கிராம்வெல்லுக்குக் காணிக்கையாக, அதே நூல் மீண்டும் வந்தது. கண்ணீர் வடித்தவர்கள் அத்தீவை ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டமாக்கினார்கள்; டச்சுக்காரர்கள் 1621இலேயே ஜாதிக்காய்க்காக இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் பேரழிவு செய்திருந்தார்கள். 1898இல் கியூபாவுக்காக ஸ்பெயினுடன் அமெரிக்கா மோதிய சமயத்திலும் நியூயார்க்கில் அந்நூலைத் தூசி தட்டி அச்சிட்டார்கள்.

இவற்றைக் காட்டி ஸ்பெயினை விடுவிக்க முனைவதும் பிரசாரமே என்பேன். நீங்கள் படிக்கும் நூல், ஸ்பானியர் இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆண்டுதோறும் பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கானோரை முறைவைத்துக் கட்டாயமாக அனுப்பியதைப் பற்றி என்ன சொல்கிறது? முடித்ததும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
சிதம்பரநாதன்