சித்தி வீட்டுக்கு அந்தப் பெட்டியோடு போகாதே

அன்புள்ள கண்ணு,

போனில் இதை ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடமே "தெரியும்ப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஹூஸ்டனிலிருந்து நாஷுவா வரை காரில் போகிறாய். உன் அம்மாவுக்கு டயர், மழை, வழியில் சாப்பாடு என்று ஆயிரம் கவலை. எனக்கு ஒன்றே ஒன்றுதான், உன் க்ளாக் 19 கைத்துப்பாக்கி.

நீ அதை வாங்கியதைப் பற்றி மறுபடி பேசப்போவதில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ ஒழுங்காகப் பழகி, லைசென்ஸும் எடுத்து, விடாமல் சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போய்வருகிறாய் என்பது எனக்கும் தெரியும். ஊரில் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர்கள், தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, குற்றப் பின்னணி இல்லாத 21 வயதுக்காரர் லைசென்ஸே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. பழகாவிட்டாலும் சட்டம் சட்டம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பும் இடத்தில் அந்தத் துப்பாக்கி உன்னிடம் இருப்பது சரி. போய்ச் சேரும் நியூஹாம்ப்ஷயரிலும் சரி. அங்கே 2017 முதல் லைசென்ஸ் கூட வேண்டாம். வம்பெல்லாம் நடுவில்தான். லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியாவின் ஒரு மூலை, டென்னசி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். உன் டெக்சாஸ் லைசென்ஸ் மேரிலாந்திலும் கடைசி மூன்றிலும் வெறும் பிளாஸ்டிக் அட்டை. ஐ-81 சாலை மேரிலாந்தில் 12 மைல்தான் ஓடுகிறது. பாட்டு ஒன்று முடிவதற்குள் தாண்டிவிடலாம் போல இருக்கும். அந்த 12 மைலிலும் அவர்கள் சட்டம்தான் செல்லும்.

இதற்காகத்தான் 1986-ல் ரீகன் காலத்தில் ஃபோபா என்கிற துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் வழிப்பயணத்துக்கு ஒரு பிரிவு உண்டு. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அதை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உனக்கு உரிமை இருந்தால், நடுவில் இருக்கும் மாநிலம் என்ன சொன்னாலும் நீ கடந்து போகலாம். ஆனால் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் சரி, தோட்டாவும் சரி, உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக உள்ள கார் என்றால் டிக்கியில் வைத்தால் போதும். உன் சிஆர்-வி காரில் பின்பக்கமும் உட்காரும் பக்கமும் ஒன்றுதானே, அதனால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். க்ளவ் பாக்ஸும் நடுவில் இருக்கும் கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, தோட்டாவுக்கு ஒரு பெட்டி, இரண்டுக்கும் பூட்டு. கடைசியில் உன் சூட்கேஸ்களுக்கு அடியில் போய்விடட்டும். தெற்கு மாநிலங்களில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமே, வர்ஜீனியா தாண்டும்போது பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறேன் என்பாய். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் பத்து மணி நேரம் ஓட்டிய களைப்பில், ரெஸ்ட் ஏரியா வெளிச்சத்தில் துப்பாக்கியை எடுத்து வைத்துத் தோட்டா கழற்றுகிற வேலை வேண்டாம். நம் வீட்டு கராஜிலேயே பூட்டிவிடு, நாஷுவாவில் திற.

இப்போது நீ கோபித்துக்கொள்ளப் போகிற விஷயம். நியூஜெர்சியில், எடிசனில் இருக்கிற சித்தி வீடு.

உன் அம்மா ஏற்கெனவே சித்தியிடம் சொல்லியாயிற்று. சித்தி இரண்டு நாள் சமையலுக்குத் திட்டம் போட்டிருப்பாள். ஆனால் அந்தச் சட்டம் காப்பாற்றுவது கடந்து போகிறவரை மட்டும்தான். நியூஜெர்சியில் இரண்டு நாள் தங்கினால் நீ வழிப்போக்கர் இல்லை, நியூஜெர்சியில் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆள். பெட்டி பூட்டியே இருந்தது, திறக்கவே இல்லை என்பதெல்லாம் அப்புறம் வக்கீல் வைத்துப் பேச வேண்டியவை.

இரண்டு கதை சொல்கிறேன், இரண்டும் நீதிமன்றம் வரை போனவை. 2005-ல் யூட்டாக்காரர் ஒருவர் சால்ட் லேக் சிட்டியிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்கு விமானத்தில் கிளம்பினார். துப்பாக்கியைப் பூட்டி, சொல்லி, செக்-இன் பெட்டியில் போட்டிருந்தார். நியூவர்க்கில் இணைப்பு தவறியது. பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்து ஹோட்டலில் இரவு தங்கினார். காலையில் கவுன்டருக்கு வந்து, முறையாக, பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார். அங்கேயே கைது, சில நாள் சிறை. வழக்கை அரசே பிறகு கைவிட்டது. ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில், ஹோட்டலில் இருந்த அந்த இரவில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது, ஆகவே ஃபோபா பொருந்தாது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூயார்க் விமான நிலையங்களில் கைதானவர்கள் போட்ட வழக்கிலும் அதே ஆண்டு கிட்டத்தட்ட இதே கதிதான். போலீஸ்மேல் வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் தரவில்லை என்று தீர்ப்பு. அதாவது முதலில் கைவிலங்கு, சட்டம் பேசுவது பிறகு.

இன்னொருவர் பிலடெல்பியாவில் பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்த ஒரு தாய். பென்சில்வேனியா லைசென்ஸ் இருந்தது. 2013-ல் பாலம் தாண்டி நியூஜெர்சிக்குள் போனார். சாதாரணப் போக்குவரத்து விதிக்காக நிறுத்திய போலீஸ்காரரிடம் தானாகவே, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது என்றார். அந்த மாநிலத்தில் அதற்குக் குறைந்தபட்ச தண்டனையே மூன்றரை வருடம். வாரக்கணக்கில் சிறையில் இருந்தார், ஊரெல்லாம் பேச்சானது, கடைசியில் 2015-ல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் தலைக்கு மேல் இருந்த கத்தி இறங்கியது. நமக்காக எந்த கவர்னர் பேனாவைத் திறப்பார்?

அதனால் முதலில் நாஷுவா போ. துப்பாக்கியை வீட்டில் வைத்துப் பூட்டு. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் வெறும் கையோடு எடிசனுக்குப் போய் இரண்டு நாள் இல்லை, நான்கு நாள் இரு. சித்தியிடம் காரணம் சொல்ல வேண்டாம், ஆபீசில் சேரச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நயாகரா ஆசையும் அப்படியே தள்ளிப்போகட்டும். இந்தப் பக்கம் நின்றாலும் அது நியூயார்க் மாநிலம். பாலத்தின் அந்தப் பக்கம் கனடா, கைத்துப்பாக்கி விஷயத்தில் இவர்களை எல்லாம் விடக் கறார்.

வழி நான் யோசித்தது இதுதான். முதல் இரவு பர்மிங்காம். இரண்டாவது இரவு வர்ஜீனியாவில் வின்செஸ்டர் (துப்பாக்கிக் கம்பெனி பெயராக இருக்கிறதே என்று சிரிக்காதே, ரூம் வாடகை அங்கே மலிவு). மூன்றாம் நாள் அதிகாலையில் கிளம்பினால் பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டனில் மதியச் சாப்பாடு, ஃபுல் டேங்க், பாத்ரூம் எல்லாம் முடித்துக்கொள். அங்கிருந்து ஐ-84 பிடித்தால் நியூஜெர்சிக்குள் கால் வைக்காமலே நியூயார்க்கில் 70 மைல் சொச்சம், அப்புறம் கனெக்டிகட், மாசசூசெட்ஸ், நாஷுவா. ஸ்க்ரான்டனிலிருந்து மொத்தமே ஐந்து மணி நேரம்தான். நடுவில் எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இல்லாத வரிக்கு யாரோ ஒரு கவுன்டி வக்கீல் என்ன அர்த்தம் சொல்வார் என்று நாம் சோதித்துப் பார்க்க வேண்டாம். நிற்காமல் போய்விடு.

மேகசீன், அதாவது துப்பாக்கியில் தோட்டா அடைத்துச் செருகும் கூடு, அந்த விஷயம் பலருக்குத் தெரியாது. உன் துப்பாக்கியோடு வந்தவை 15 தோட்டா பிடிப்பவை. நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மூன்றிலும் 10-தான் உச்சவரம்பு. ஃபோபாவின் அந்தப் பிரிவு துப்பாக்கி என்கிறது, தோட்டா என்கிறது, மேகசீன் என்று எங்கும் சொல்லவில்லை. அவற்றை என்னிடம் கொடுத்துவிட்டு 10 பிடிக்கும் ஒன்றை வாங்கிக்கொண்டு போ. நியூஹாம்ப்ஷயரில் வரம்பு கிடையாது, வேண்டுமானால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். முப்பது நாற்பது டாலர் சாமானுக்காக மூன்று மாநிலத்துக்குப் பயப்படுவானேன்?

உன்னோடு ஓட்ட வருகிறாளே அந்த ரூம்மேட், அவள் எச்-1பிதானே? விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது 1998 முதல் ஃபெடரல் குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விலக்குகள் மட்டும் உண்டு. அது தெரியாமல் இங்கே நம் பையன்கள் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியோடு போட்டோ எடுத்துப் போடுகிறார்கள், பார்க்கவே எனக்கு வயிற்றைக் கலக்கும். வைத்திருப்பது என்றால் கையில் பிடித்திருப்பது மட்டும் இல்லை, எடுக்கக்கூடிய நிலையில் இருப்பதும்தான். ஆகவே பெட்டிச் சாவி உன் கழுத்துச் சங்கிலியில் இருக்கட்டும். நீ கடைக்குள் போகும்போது கார் சாவியையும் பெட்டிச் சாவியையும் சேர்த்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போகாதே. காரில் என்ன இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே அவளிடம் சொல்லிவிடு. பயமாக இருக்கிறது என்றால் அவள் விமானத்தில் வரட்டும், டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன். அவள் கிரீன் கார்டுக்கு அவள் அப்பா அங்கே கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருப்பார்.

போலீஸ் நிறுத்தினால் கை ஸ்டீயரிங்மேல். கேட்டால் பொய் சொல்லாதே. தேடிப் பார்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்ல உனக்கு உரிமை உண்டு. வாக்குவாதம் மட்டும் வேண்டாம், ஹைவே ஓரத்தில் யாரும் வழக்கு ஜெயித்ததில்லை.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை வேறு எதற்கும் எடுக்காதே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் மட்டும் விமான நிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கி பிடித்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா ஏற்றியவை. பாதிப் பேர் பையில் இருந்ததே மறந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்த மூன்று நாள் எனக்குப் பெரிய பயம் இல்லை. நீ கவனமாகத்தான் போவாய். அங்கே குடியேறிய பிறகுதான் பயம். நாஷுவா மாசசூசெட்ஸ் எல்லையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஃபெசன்ட் லேன் மால் என்று ஒன்று இருக்கிறது. கட்டடம் நியூஹாம்ப்ஷயரில், பார்க்கிங்கில் ஒரு பகுதி மாசசூசெட்ஸில். பால் வாங்கப் போய் காரை நான்கு வரிசை தள்ளி நிறுத்தினால் வேறு சட்டம். நீ ஆஷ்லாந்து லட்சுமி கோயிலுக்குப் போவாய், பாஸ்டனுக்குப் போவாய், ஆபீஸ் பர்லிங்டனுக்கு மாறினாலும் மாறும். அதெல்லாம் கடந்து போவது இல்லை, போய்ச் சேருவது. ஃபோபா அங்கே ஒட்டாது. மாசசூசெட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்கு வெளியே துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 18 மாதம் உள்ளே, நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாதபடி சட்டம். அதனால் அந்தச் சாமான் காருக்குள் குடியிருக்கக் கூடாது. ரேஞ்சுக்குப் போனால் காரில், வந்தால் வீட்டில் பெட்டியில். அடிக்கடி எல்லை தாண்டும்படி ஆகிவிட்டால் மாசசூசெட்ஸ் கொடுக்கும் வெளிமாநிலத்தவர் லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடு. காகிதம் நிறைய கேட்பார்கள், கேட்கட்டும்.

என் வேட்டை ரைஃபிளைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று விளையாட்டாகச் சொன்னாயே, நீ நியூஹாம்ப்ஷயர்வாசி ஆன பிறகு நானே என் கையால் உனக்குக் கொடுக்க முடியாது. லைசென்ஸ் பெற்ற டீலர் வழியாகத்தான் வர வேண்டும், அப்பன் மகள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. நான் போன பிறகு உயில்படி வந்தால் மட்டும் டீலர் வேண்டாம். அவசரம் இல்லை, டீலருக்குக் காசு கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது அந்த 15 தோட்டா மேகசீன்களையும், காலியான பெட்டிகள் இரண்டையும் எடுத்து வா. உன் பெட்டியில் இருக்கிற பூட்டு எனக்குத் திருப்தியாக இல்லை, நல்லதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். சாவி மாட்டச் சங்கிலியை உன் அம்மாவிடம் கேட்டால், எதற்கு என்று கேட்பாள். பதிலை நீயே யோசித்துக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா