ஜியாபியன்கோ குறிப்புகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

1957இல் சீனாவில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிரானவர்கள் என்று 'வலதுசாரி' முத்திரை குத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 3,000 பேரைக் கான்சு மாகாணத்தின் பாலை ஓரத்தில் இருந்த ஜியாபியன்கோ கட்டாய உழைப்புப் பண்ணைக்கு அனுப்பினார்கள். 1961இல் பண்ணையைக் கலைப்பதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியில் மாண்டார்கள். தப்பியவர்களின் நினைவுக் குறிப்புகளுக்கு நாங்கள் எழுதிவந்த தமிழ் விளக்கங்கள் நிறைவடைந்துவிட்டன. கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, எடைக் கணக்கைச் சரிபார்த்துத் தந்த சீன மொழி ஆசிரியைக்கு. 'ஒரு நாளைக்கு 7 லியாங் தானியம்' என்று ஒருவர் எழுதினால் அது எவ்வளவு? பழைய முறையில் 16 லியாங் ஒரு ஜின்; 1959இல் அதை 10 ஆக்கினார்கள். அதனால் அதே 7 லியாங் பழைய கணக்கில் 219 கிராம், புதியதில் 350. பல ஆண்டு கழித்து எழுதும்போது இரண்டும் கலந்துவிடும். அம்மையார் சொன்ன வழி எளிது: மாத அளவைத் தேடுங்கள், ஜின் மட்டும் மாறவில்லை, அது 500 கிராம். மாதம் 15 ஜின் என்றால் நாளுக்கு 250 கிராம். பழைய லியாங்கில் 8, புதியதில் 5. எது பொருந்துகிறதோ அதுதான் எழுதியவர் மனதில் இருந்த கணக்கு. அதுவும் வேகாத தானியத்தின் எடை. தட்டில் விழும் கஞ்சியின் கனத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

உடல்நிலைப் பகுதிகளைப் படித்துத் திருத்திய மருத்துவருக்கு நன்றி. புல் விதையை அப்படியே தின்றவர்களுக்குக் குடல் அடைத்துக்கொண்டது ஏன், வீங்கிய காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி மேலெழும்பாதது ஏன் என்று பொறுமையாக விளக்கினார். மீட்கப்பட்ட பிறகு வயிறாரச் சாப்பிட்ட சிலர் செத்ததற்கும் காரணம் சொன்னார்: திடீரென மாவுச்சத்து இறங்கியதும் இன்சுலின் ஏறும், ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விடும், இதயம் தடுமாறும். இன்று அப்படிப்பட்டவருக்குத் தயமின் கொடுத்துவிட்டு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிலோகலோரி, நிலைமை மிக மோசமென்றால் 5 என்றுதான் தொடங்குகிறார்கள். இறந்தவர்களின் ஏடுகளில் பட்டினி என்ற காரணமே வராதபடி வேறு நோய்களை எழுதவைத்தார்கள் என்று சாட்சியங்கள் சொல்கின்றன. ஆகவே ஏட்டை ஒதுக்கிவிட்டு, உடனிருந்தவர்கள் கண்ட அறிகுறிகளையே நம்பினோம்.

பண்ணைக்கு அனுப்பப்பட்டவர்கள் உப்பு நிலத்தில் வடிகால் வெட்டிய வேலையைப் புரியவைத்தவர் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர். களர் உவர் நிலம் பார்த்த நம்மூர் விவசாயிக்கு இது புதிதல்ல. வடிகாலுக்குப் போக்கிடம் வேண்டும். அது இல்லாமல் மேலே பாய்ச்சிக்கொண்டே இருந்தால் நிலத்தடி நீர் ஏறி, வெயிலில் ஆவியாகி, உப்பு வெள்ளையாகப் பூக்கும். ஆட்களை எவ்வளவு வாட்டினாலும் அந்த மண் விளையாது. மேலதிகாரிகள் இதைக் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்!

மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும், ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒழுங்குபடுத்திய இளைஞர்களுக்கும் நன்றி. உங்கள் படிகள் தபாலில் வருகின்றன. எடை அட்டவணையில் பிழை கண்டால் பக்க எண்ணோடு எழுதுங்கள்.

தொகுப்புக் குழுவினர்