கிங்ஸ்டனில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஸ்பானிஷ் டவுன் பையனுக்கு மேனேஜராக இருக்க ஒத்துக்கொண்டாயாமே, நல்லது. பத்தொன்பது வயது, குரல் இருக்கிறது, மூன்று பாட்டு பதிவாகியிருக்கிறது. இனி பாதி அவன் வாயில், பாதி நீ எழுதி வாங்கும் தாளில்.

முதல் வேலை பங்குத்தாள், அதாவது பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதும் தாள். ஜமைக்காவில் ஒரே ரிதிமில் (பாட்டுக்கு அடியில் ஓடும் இசைத்தடம்) பத்துப் பேர் பாடுவது சாதாரணம். 1985-ல் தயாரிப்பாளர் கிங் ஜாம்மி வெளியிட்ட ஸ்லெங் டெங் ரிதிம், காசியோ எம்டி-40 கீபோர்டில் ஏற்கெனவே இருந்த ஒரு தாளத்திலிருந்து பிறந்தது. அதன்மேல் பாடியவர்களை எண்ணி மாளாது. ரிதிம் தயாரிப்பாளருடையது, வரி பாடுகிறவனுடையது. பேச்சு பெரும்பாலும் பாதிப் பாதியில் தொடங்கும். சிக்கல் மற்றவர்களால் வரும். பக்கத்தில் நின்று ஒரு வரி எடுத்துக் கொடுத்த நண்பன், பல்லவிக்குக் குரல் கொடுத்த பெண், எல்லோரும் பாட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் பங்கு கேட்பார்கள். அதனால் குரல் பதிவான அன்றே, ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புமுன், ஒவ்வொருவரின் சட்டப்பெயரையும் சதவீதத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கு. மேடைப்பெயர் மட்டும் போதாது. கூட்டிப் பார், சரியாக 100 வரவேண்டும். மாஸ்டர் ஒலிப்பதிவு (பாட்டின் மூலப் பதிவு) யாருடையது என்பது வேறு கணக்கு, அதைத் தனியாக எழுது.

பாடல் எழுதியதற்கான பணத்துக்கு அவன் ஜேகேப் என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கத்தில் சேரவேண்டும். ஒலிப்பதிவு வானொலியிலும் பொது இடங்களிலும் ஓடுவதற்கான பணம் ஜாம்ஸ் என்ற இன்னொரு சங்கத்தின் வழியாக வரும். இது வேறு, அது வேறு. ஒன்றில் சேர்ந்தால் மற்றது தானாக வராது. இன்னொன்று: வெறும் ரிதிமை யூடியூபின் கண்டென்ட் ஐடியில் (உரிமையுள்ள ஒலியைத் தானே கண்டுபிடிக்கும் முறை) ஏற்றவேண்டாம் என்று தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. ஏற்றினால் அதே ரிதிமில் பாடிய அத்தனை பேரின் வீடியோவிலும் உரிமைக்கோரிக்கை விழும்.

பதிவைப் பற்றி. வாட்ஸப்பில் வரும் எம்பி3 ரிதிமில் பாடவிடாதே. அது லிமிட்டரில் (உச்ச சத்தத்தை அமுக்கும் கருவி) நசுக்கப்பட்டு வந்திருக்கும், குரல் உட்கார இடமே இருக்காது. 24-பிட் வேவ் கோப்பாகக் கேள்; வேகமும் சுருதியும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். வேகமான வரியில் அவன் முன்னால் சாய்வான், பகர ஒலி வெடிக்கும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் போதும். உச்சம் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டவேண்டாம். முதன்மைக் குரல், இரட்டிப்பு (அதே வரியை மறுபடி பாடியது), இடைக்கூவல் (வரிகளுக்கு இடையே கூவுவது) மூன்றையும் எஃபெக்ட் போடாமல் தனித்தனிக் கோப்பாக, எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எடுத்து அனுப்பு. சுருதி திருத்தும் ஆட்டோட்யூனில் சுருதியைத் தவறாகப் போட்டு, திருத்தும் வேகத்தையும் கூட்டிவிட்டால் ஜமைக்காப் பேச்சுமொழியான பட்வாவின் ஏற்ற இறக்கம் செத்துவிடும். டீஜே பாட்டுக்கு (அங்கே டீஜே என்றால் பாடுபவன், இசைத்தட்டு போடுபவர் செலக்டர்) அந்த ஏற்ற இறக்கம்தான் உயிர்.

வானொலிக்கான வடிவத்தையும் அதே அமர்வில் முடித்துவிடு. 2022 அக்டோபரில் ஜமைக்கா ஒலிபரப்பு ஆணையம் துப்பாக்கி, மோசடி, மோலி என்ற போதை மாத்திரை ஆகியவற்றைப் புகழும் பாட்டுக்குத் தடை போட்டது. கெட்ட சொல்லுக்குப் பதிலாக அதே ஓசையுள்ள சொல்லை வைத்து ஒப்பேற்றுவதும் அந்த ஆணையில் அடக்கம். ஆகவே பீப் போட்டுத் தப்பமுடியாது, வரியையே மாற்றி எழுதவேண்டும்.

மேடையில் எல்லாப் பையன்களும் செய்வது மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுத்து ஊளையிடும். நடுத்தண்டைப் பிடிக்கப் பழக்கு. கூட்டம் ஆர்ப்பரித்தால் செலக்டர் பாட்டை நிறுத்தி முதலிலிருந்து போடுவார். அந்த இடைவெளியில் மூச்சுவிட்டு, ஒரு வாக்கியம் பேசி, திரும்ப நுழையத் தெரியவேண்டும். முழுக் குரலும் உள்ள டிராக்கின்மேல் பாடினால் இது முடியாது, பல்லவி மட்டும் உள்ள டிராக் தனியாக வேண்டும். 1997 சத்தத் தடுப்புச் சட்டப்படி சத்தமாக இசை போட வெள்ளி, சனி இரவு 2 மணி, மற்ற நாள் 12 மணிதான் எல்லை. நிகழ்ச்சி தாமதமானால் முதலில் வெட்டுப்படுவது புதுப் பையனின் பெயர்தான். மேடையேறும் நேரத்தை எழுதி வாங்கு, பாதிப் பணம் முன்பணமாக.

வாரம் ஒரு பாட்டு விடவேண்டும் என்று அவனை அவசரப்படுத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே ஸ்பானிஷ் டவுனில் 2000-ல் பிறந்த பாடகி காஃபியைப் பார். 2017-ல் பலர் பாடிய ஊஜி ரிதிமில் ஒரு பாட்டு. அதே வருஷம் உசேன் போல்ட்டைப் பற்றிப் பாடி இன்ஸ்டாகிராமில் போட, போல்ட்டே அதைப் பகிர்ந்தார். 2018 ஜனவரியில் ரெபெல் சல்யூட் இசைவிழா மேடையில் மூத்த பாடகர் கோகோ டீ அவளை அழைத்துப் பாடவைத்தார். ‘டோஸ்ட்’ பாட்டு அந்த நவம்பரில்தான் வந்தது. 2019 மார்ச்சில் ஐந்தே பாட்டுள்ள ‘ராப்ச்சர்’, 2020 ஜனவரியில் அதற்கு கிராமி. முழு ஆல்பம் 2022 வரை வரவில்லை. பாட்டு கொஞ்சம்தான், ஒவ்வொன்றுக்கும் இடையில் மேடை இருந்தது.

சவுண்ட் சிஸ்டம்காரர்கள் (பெரிய ஒலிபெருக்கிகளோடு பாட்டு போடும் குழுக்கள்) தங்கள் பெயரை வைத்து டப்பிளேட் (அவர்களுக்கென்றே தனியாகப் பாடும் பதிவு) பாடித் தரச்சொல்லிக் கேட்பார்கள். கைக்காசு உடனே வரும், பாடட்டும். அதைப் பாட்டாக வெளியிடக்கூடாது என்று மட்டும் ஒரு வரி எழுதி வாங்கு.

சுற்றுலா விசாவில் அமெரிக்கா போய்க் கச்சேரி செய்யலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. பிடிபட்டால் அடுத்த விசாவுக்கே வழியிருக்காது. அங்குள்ள நிறுவனமோ ஏஜென்ட்டோ கலைஞர் விசாவுக்கு மனுப்போட வேண்டும், அதற்குச் சான்று கேட்பார்கள். நோட்டீஸ், பத்திரிகைச் செய்தி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் தேதியோடு இப்போதிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வை.

பதிவான மூன்று பாட்டுக்கும் பங்குத்தாள் எழுதவில்லை என்றால் இந்த வாரமே எழுதிவிடு. நகல் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா