விட்ட இடம் தெரிந்தால் தொடங்குவது எளிது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘படிக்க ஆசைதான், எங்கே நேரம்?’ என்று கேட்காதவர் குறைவு. வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்துக்கொள்பவர்களுக்கு முழுசாக ஒரு மணி நேரம் கிடைப்பது அபூர்வம்தான். ஆனால் பத்து, பதினைந்து நிமிடத் துண்டுகள் பலருக்கும் கிடைக்கின்றன. எந்தப் புத்தகம், எங்கே வைத்தோம், எதுவரை படித்தோம் என்று தேடி முடிப்பதற்குள் அவை கரைந்துவிடுகின்றன.

கணக்கு எளிது. ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் என்றால் 20 நிமிடத்தில் 10 பக்கம். மாதம் 25 நாள் படித்தால் 250 பக்கம், அதாவது நடுத்தர அளவில் ஒரு புத்தகம். நாளுக்கு 150 சொல் எழுதினால் 300 நாளில் 45,000 சொல் சேரும்.

காத்திருக்கும் நேரத்துக்குக் கவிதை, சிறுகதை, கட்டுரை பொருந்தும். கனமான நூலை இரைச்சலுக்கு நடுவே திறந்தால் ஒரே பத்தியை நான்கு முறை படித்துவிட்டு, ‘நமக்கு இது ஏறாது’ என்று மூடிவிடுவோம். அதை வீடு அடங்கிய பிறகு எடுப்பது நல்லது. அடையாளத்துக்கு ஓர் அட்டைத்துண்டை வைத்து, மூடும்போது அதில் ஒரு வரி எழுதுங்கள்: யார், என்ன செய்தார், எதில் நிற்கிறது. தொடர்கதைக்கு வார இதழ்கள் போடும் முன்கதைச் சுருக்கம் மாதிரிதான் இதுவும். நான்கு நாள் கழித்துத் திறந்தாலும் பின்னால் புரட்டித் தேட வேண்டியிருக்காது. கைபேசியில் படிப்பவர்கள் முதலில் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

எழுத்துதான் கூடுதல் சிக்கல். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கே உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் எழுதுவார். அந்த வேகம் பலருக்கும் வராது, வரவும் வேண்டாம். முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கென்றே அவர் முதல் அரை மணியை ஒதுக்கினார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். நமக்கு 15 நிமிடமே இருந்தால் கடைசி ஒரு பக்கத்தை 3 நிமிடத்தில் படித்துவிட்டுப் பேனாவை எடுக்கலாம்.

நிறுத்துவதிலும் சூட்சுமம் உண்டு. பத்தியை முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெள்ளைத் தாளின் முன் உட்கார வேண்டிவரும். ‘கடிதத்தைப் பிரித்தவள் முதலில் பார்த்தது’ என்று வாக்கியத்தைப் பாதியிலேயே விடுங்கள். அவள் எதைப் பார்த்தாள் என்பதை ஓரத்தில் இரண்டு சொல்லில் குறித்துவையுங்கள். மறுநாள் கை தானாக ஓடும்.

எழுதும்போதே திருத்துவது பெரிய கேடு. கிடைத்த கால் மணியும் முதல் பத்தியை இழைப்பதிலேயே போய்விடும். சரியான சொல் வராத இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். திருத்தத்துக்கு வாரத்தில் ஒரு நாளைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். விட்டுப்போன நாள்களின் கணக்கை மறுநாள் தலையில் ஏற்றவும் கூடாது. நான்கு நாள் பாக்கி 600 சொல் என்று கூட்டிப் பார்த்தால் ஐந்தாம் நாளும் உட்காரத் தோன்றாது. அன்றைய 150 மட்டும் போதும்.

கைபேசியில் பேசியே எழுத்தாக்குகிறவர்கள் அன்றைக்கே அதைச் சரிபார்த்துவிட வேண்டும். பெயர்களும் சந்தியும் தாறுமாறாக விழுந்திருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் என்ன சொன்னோம் என்று நமக்கே விளங்காது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பின் நீண்ட கட்டுரைகளுக்குத் தலைப்பருகே ‘8 நிமிடம்’, ‘15 நிமிடம்’ என்று போடுங்கள். தொடர்களுக்கு இரண்டு வரியில் முன்கதை கொடுங்கள். கையில் இருக்கும் நேரத்துக்கு எது தோதுப்படும் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்